தங்கச்சிக்கு எய்டட் பி.எஸ்சி.யா, ஏழு லட்சம் இன்ஜினியரிங்கா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க

குலசேகரம்_பையன்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு மஸ்கட்டில் ஃபிட்டர் வேலை. படிப்பு ஐ.டி.ஐ. ஊர் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறார். விடியற்காலை மூன்றரைக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினால்தான் வெயில் ஏறுவதற்குள் 300 மரம் முடியும், மழை பிடித்துவிட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது. தங்கச்சி இந்த வருடம் பிளஸ் டூ முடித்துவிட்டாள். எய்டட் (அரசு உதவி பெறும்) பள்ளிக்கூடம், ஆறாவதிலிருந்து தமிழ் மீடியம். இன்ஜினியரிங் கட் ஆஃப் 200-க்கு 148 வருகிறது.

நாகர்கோவிலில் ஒரு எய்டட் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் கிடைக்கும் போல இருக்கிறது. இதற்கு நடுவில் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு புரோக்கர் ஃபைலோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் இருக்கிறதாம், வருடத்துக்கு 1.25 லட்சம், காலேஜ் பஸ் தனி, அது போக 50,000 இப்போதே ரொக்கமாக, அதற்கு ரசீது தரமாட்டார்களாம். எல்லாம் கூட்டினால் நாலு வருடத்தில் ஏழு லட்சத்துக்குப் பக்கத்தில் வருகிறது. பேங்க் லோன் அஞ்சு லட்சம் தாங்களே எடுத்துத் தருவதாகச் சொன்னாராம். பி.எஸ்சி. படித்தால் ஜவுளிக்கடையில் பில் போடத்தான் போகணும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை.

கடைசியில் கட்டப்போவது நான்தான், அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த விலைக்கு அது தகுமா என்று தெரியாமல் கட்ட மனசு வரவில்லை. அரசாங்கம் ஏதாவது கொடுக்கிறதா, கொடுத்தால் யாருக்கு, எதற்கு? வீட்டில் இதுவரை யாரும் டிகிரி படித்ததில்லை, கேட்கவும் ஆள் இல்லை.

—

பழைய_சூப்பிரண்டு:

தம்பி, நான் ஒரு எய்டட் கல்லூரி ஆபீசில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ரிட்டயர் ஆனவன். ஒரு விஷயத்தை முதலில் புரிந்துகொள்ளுங்க, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எங்கள் கவுண்டரில் இரண்டு ரசீதுப் புத்தகம் இருக்கும். ஒன்று எய்டட் பிள்ளைகளுக்கு, இன்னொன்று எஸ்.எஃப்., அதாவது சுயநிதி பிள்ளைகளுக்கு. ஒரே வரிசையில் நிற்பார்கள், ஒரே கேன்டீனில் டீ குடிப்பார்கள், டிகிரி சர்ட்டிபிகேட்டும் ஒரே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலிருந்துதான் வரும். ஆனால் முதல் புத்தகத்தில் சில ஆயிரம் எழுதுகிற இடத்தில் இரண்டாவது புத்தகத்தில் அதைப் போலப் பல மடங்கு எழுதுவோம். எய்டட் பாடப்பிரிவில் வாத்தியார் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கிறது, சுயநிதியில் அதை உங்கள் தங்கச்சி மாதிரிப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பழைய பாடங்களான கணிதம், பிசிக்ஸ், தமிழ், வரலாறு எல்லாம் பெரும்பாலும் எய்டட். பின்னால் வந்த பி.சி.ஏ., பி.பி.ஏ. போன்றவை பெரும்பாலும் சுயநிதி. பெயர் புதிதாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு எஸ்.எஃப்.-இல் சேர்த்துவிட்டு, இது எய்டட் கல்லூரிதானே சார், ஃபீஸ் ஏன் இவ்வளவு என்று ஜூலை மாதம் வந்து கேட்ட அப்பாக்களை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அதனால் அட்மிஷன் கார்டில் கணிதம் என்பதற்குப் பக்கத்தில் எய்டட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்க, வாயால் சொன்னால் நம்பவேண்டாம்.

இன்ஜினியரிங்கிலும் இதே கதைதான். அந்தப் புரோக்கர் சொல்லும் கல்லூரி அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி என்றால் கவுன்சிலிங் பட்டியலிலும் இருக்கும். சுயநிதிக் கல்லூரி என்றால் 65 சதவீத இடம், சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50 சதவீத இடம் கவுன்சிலிங்குக்கு வரும். நம் மாவட்டத்தில் சிறுபான்மைக் கல்லூரிகள் நிறைய. 2017-இல் கட்டணக் குழு வைத்த அளவு, என்.பி.ஏ. (தொழில்நுட்பப் படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் வாரியம்) அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்குக் கவுன்சிலிங்கில் 55,000, கல்லூரியே நேரடியாக நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் 87,000. இந்த வருடக் கணக்கைக் குழுவின் அறிவிப்பில் பாருங்க. கவுன்சிலிங் வழியாகப் போனால், வீட்டில் முதல் ஆளாக டிகிரி படிப்பவர்களுக்கான முதல் பட்டதாரி சலுகையும் உண்டு, டியூஷன் ஃபீசில் ஒரு நல்ல பகுதி குறையும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் அது கிடையாது. ரசீது இல்லாத அந்த 50,000-க்குப் பெயர் கேப்பிடேஷன், அதாவது சீட்டுக்காகக் கட்டணத்துக்கு மேல் வாங்கும் பணம், 1992-லேயே தமிழ்நாட்டில் அதற்குத் தடைச்சட்டம் வந்தாயிற்று.

148-க்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் எங்கே கிடைக்கும் என்று இங்கே யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது, போன வருடப் பட்டியலைக் கல்லூரி வாரியாக இணையத்தில் போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்து பாருங்க. ஒரு மாலை நேரம் போதும். நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியை லிஸ்டில் மேலே போடுங்க, கிடைத்தால் கிடைக்கட்டும்.

—

கருங்கல்_இ.எம்.ஐ:

அண்ணே, பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். நான் 2015-இல் இன்ஜினியரிங் முடித்தவன், லோனைப் போன வருடம்தான் அடைத்தேன். உங்களுக்காக ஒரு கணக்குப் போட்டேன், பேப்பரில் எழுதி அம்மாவிடமும் காட்டுங்க.

வருடம் 1.25 லட்சம் வீதம் நாலு வருடம், மொத்தம் 5 லட்சம். வட்டி 10 சதவீதம் என்று வையுங்க. படிக்கும் நாலு வருடமும், அப்புறம் ஒரு வருடமும் தவணை கட்டவேண்டாம் என்பார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அஞ்சு வருடமும் தனிவட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் வருடப் பணத்துக்கு 62,500, இரண்டாவதுக்கு 50,000, மூன்றாவதுக்கு 37,500, நாலாவதுக்கு 25,000. கூட்டினால் 1.75 லட்சம். ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 5 லட்சம் அல்ல, 6.75 லட்சம். அதைப் பத்து வருடத்தில் கட்டினால் மாதம் கிட்டத்தட்ட 8,900, மொத்தமாகக் கையை விட்டுப் போவது 10.7 லட்சம். அஞ்சு லட்சம் கடன் என்று புரோக்கர் சொன்னது இந்தப் பத்தே முக்காலைத்தான்.

எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. சென்னையில் முதல் வேலையில் 11,000 சம்பளம், ரூம் வாடகை, சாப்பாடு போக மிச்சம் ஒன்றுமில்லை, அப்பா மாதாமாதம் தேங்காய் விற்ற காசைக் கட்டினார். ஒரு தவணை தவறினால் வீட்டுக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள். ஒரு தடவை வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரரிடமே என் பெயரைச் சொல்லி விசாரித்துவிட்டுப் போனார். அதற்கு அப்புறம் ஊருக்கு வரவே ஆறு மாதம் எனக்கு மனசு வரவில்லை.

லோன் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எடுத்தால் இரண்டு விஷயம். ஒன்று, வருட வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் வட்டி மானியம் உண்டு, படிப்புக் காலமும் ஒரு வருடமும் சேர்த்து அந்த 1.75 லட்சத்தை அவர்களே கட்டுவார்கள். ஆனால் கல்லூரிக்கு நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) அல்லது பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் வேண்டும், மேனேஜ்மென்ட் கோட்டா என்றால் பேங்கில் தனியாக எழுதிக் கேட்டுக்கொள்ளுங்க. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி போர்ட்டலில் நீங்களே போடலாம், இதற்கு எதற்குப் புரோக்கர்? நாலு லட்சம் வரைக்கும் அடமானமும் கேட்கக் கூடாது, நம் கைப்பணம் இவ்வளவு போடணும் என்ற கணக்கும் கிடையாது. இரண்டாவது, மானியம் கிடைக்கவில்லை என்றால் வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவிடுங்க. முதல் வருடம் மாதம் 1,040 ரூபாய்தான். தங்கச்சிக்கு அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் ஆயிரம் ரூபாய் வந்தால் அதிலேயே முடிந்தது. இரண்டாவது வருடம் அது இரட்டிப்பாகும் என்பது வேறு விஷயம்.

—

வடசேரி_லேத்து:

எல்லோரும் ஃபீசைப் பற்றியே பேசுகிறீர்கள், படித்து முடித்த பிறகு என்ன கிடைக்கிறது என்று யாரும் பேசவில்லை. நான் நாகர்கோவிலில் ஒரு சின்ன லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன். போன வருடம் ஒரு ஆள் வேண்டும் என்று ஸ்டேட்டஸ் போட்டேன், பதினைந்தாயிரம் சம்பளம். வந்த விண்ணப்பத்தில் பாதிக்கு மேல் பி.இ. மெக்கானிக்கல். ஒருவனிடம் அளவு பார்க்கும் வெர்னியரைக் கொடுத்தேன், அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். கடைசியில் வேலைக்கு எடுத்தது ஐ.டி.ஐ. முடித்த ஒரு பையனைத்தான், உங்களைப் போல.

அரசாங்கப் பணம், ஆயிரம் ரூபாய், முதல் பட்டதாரி என்று எதை வேண்டுமானாலும் கொடுங்க, ஆனால் அது நல்லா சொல்லிக்கொடுக்காத கல்லூரியின் கல்லாவுக்குத்தானே போகிறது? நான் கட்டுகிற ஜி.எஸ்.டி. அந்தக் கட்டடத்துக்குக் கண்ணாடி போடத்தான் பயன்படுகிறது. அந்தப் பணத்தைக் கோணம் ஐ.டி.ஐ.-க்கும் பாலிடெக்னிக்குக்கும் நல்ல மெஷின் வாங்கக் கொடுத்தால் எனக்கும் ஆள் கிடைக்கும், பிள்ளைகளுக்கும் கடன் இருக்காது. டிகிரி எல்லோருக்கும் தேவையா என்ற கேள்வியைக் கேட்டாலே நம் ஊரில் சண்டைக்கு வருகிறார்கள்.

—

கௌரவமாக_ஒருத்தி:

வடசேரி அண்ணன் சொன்னதில் பாதி சரி, பாதிக்குச் சண்டைக்கு வருகிறேன்.

நான் ஒரு அரசுக் கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர், அதாவது தற்காலிக ஆசிரியர். பெயரில் மட்டும்தான் கௌரவம். மாதம் 25,000, அதுவும் வருடத்தில் 11 மாதம். யு.ஜி.சி. 2019-இல் சொன்ன உச்சவரம்பு மாதம் 50,000. பிஎச்.டி. முடித்து எட்டு வருடம் ஆகிறது. அரசாங்கம் காசு போட்டால் தரம் தானாக வந்துவிடும் என்று நானும் நினைக்கவில்லை, ஏனென்றால் அந்தக் காசு எவ்வளவு மெல்லியதாகப் பரவியிருக்கிறது என்று என் சம்பளச் சீட்டைப் பார்த்தாலே தெரியும். மே மாதம் சம்பளம் கிடையாது, ஆனால் மே மாதமும் அட்மிஷன் வேலைக்கு வரச் சொல்வார்கள்.

ஆனால் அண்ணே, எங்கள் கல்லூரியில் இளநிலைக்கு டியூஷன் ஃபீஸ் கிடையாது. அப்படி இருப்பதால்தான் என் வகுப்பில் முதல் பெஞ்சில் ஒரு வலை பின்னுகிறவரின் மகளும் செங்கல் சூளைக்காரரின் மகனும் உட்கார்ந்திருக்கிறார்கள். டிகிரி எல்லோருக்கும் தேவையா என்று கேட்கும்போது எப்போதும் இல்லாதவன் வீட்டுப் பிள்ளையைப் பார்த்துத்தான் கேட்கிறோம், டாக்டர் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து யாரும் கேட்டதில்லை. 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டில் கல்லூரி வயதில் இருப்போரில் உயர்கல்விக்குப் போகிறவர்களின் விகிதம் 47 சதவீதம், இந்தியா முழுக்க 28.4. இது சும்மா வந்ததில்லை. நம் மாவட்டமே அதற்குச் சாட்சி. மிஷன் பள்ளிக்கூடங்களில் தொடங்கி, 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு எய்டட் பள்ளி, எய்டட் கல்லூரி என்று அரசுச் சம்பளத்தில் ஓடியதால்தான் 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம் வந்தோம்.

அதிலும் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது, கேள்வி கேட்ட தம்பிக்கு நேராகப் பொருந்தும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங்கில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-இல் வந்தது, அதில் சீட் கிடைத்தால் ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டும். எய்டட் பள்ளிக்கு அது கிடையாது. குமரியில் தெருவுக்கு ஒரு எய்டட் பள்ளிக்கூடம். வீட்டுக்குப் பக்கத்தில் அதுதான் இருந்தது என்பதற்காக ஒரு பால்வெட்டுக்காரரின் மகளுக்கு அந்த வாசல் மூடியிருக்கிறது. புதுமைப் பெண் திட்டத்திலும் முதலில் இப்படித்தான் இருந்தது, 2022 செப்டம்பரில் தொடங்கும்போது அரசுப் பள்ளிக்கு மட்டும், 2024 டிசம்பர் கடைசியில்தான் எய்டட் பள்ளி தமிழ் மீடியத்துக்கும் நீட்டினார்கள். தங்கச்சி தமிழ் மீடியம் என்பதால் அந்த ஆயிரம் வரும், கல்லூரியில் சேர்ந்தவுடன் அங்கேயே பதிவு பண்ணச் சொல்லுங்க. பி.எஸ்சி. சேர்ந்தாலும் உண்டு.

பி.எஸ்சி. கணிதம் என்றால் ஜவுளிக்கடை என்பது புரோக்கர் வாக்கு. என் மாணவர்களில் எம்.சி.ஏ. போனவர்கள் இருக்கிறார்கள், பேங்க் தேர்வு எழுதினவர்கள் இருக்கிறார்கள், பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள், அதையும் மறைக்கமாட்டேன். பி.எஸ்சி. முடித்துவிட்டு நேரடியாக பி.இ. இரண்டாம் வருடத்தில் சேரவும் வழி இருக்கிறது. அதற்குள் மூன்று வருடத்தில் பெரிய கடன் எதுவும் ஏறியிருக்காது.

—

வடசேரி_லேத்து:

மே மாதச் சம்பளம் விஷயம் எனக்குத் தெரியாது அக்கா. சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். வெர்னியர் விஷயத்தை நான் விடமாட்டேன்.

—

தக்கலை_மைனி:

ஆம்பிளைகள் எல்லோரும் வட்டிக் கணக்குப் போட்டுவிட்டீர்கள், ஒரு கணக்கை மட்டும் விட்டுவிட்டீர்கள். நம் ஊரில் இந்தப் பெண்ணுக்கே நாளைக்கு ஒரு சம்பந்தம் வந்தால் அஞ்சு லட்சத்துக்கு நகையும், மாப்பிள்ளை வீட்டுக்குச் சீதனமும் கடன் வாங்கிப் போட யாரும் இவ்வளவு யோசிக்கமாட்டார்கள், ஒரு போஸ்டும் போடமாட்டார்கள். படிப்பு என்றதும்தான் தகுமா தகாதா என்று கேட்கிறோம். எனக்குக் கல்யாணத்துக்குப் போட்ட நகையை அடகு வைத்துத்தான் நான் பிறகு பி.எட். படித்தேன், முதலிலேயே படிக்க வைத்திருந்தால் அடகுக்கடைக்காரனுக்கு வட்டி மிச்சம்.

தம்பியைக் குறை சொல்லவில்லை, அவர் தங்கச்சிக்காகக் கேட்கிறாரே. ஆனால் முழு போஸ்டிலும் தங்கச்சிக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரி இல்லை. அவளிடம் கேட்டீர்களா?

—

குலசேகரம்_பையன்:

மன்னிக்கணும், டூட்டி மாறியதால் நாலு நாளாகப் பதில் போட முடியவில்லை. எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

மைனி சொன்னது சுட்டது. உண்மையில் நான் கேட்கவே இல்லை. நேற்று ராத்திரி வீடியோ காலில் கேட்டேன். கணக்குதான் பிடிக்கும், ஆனால் கம்ப்யூட்டர் படித்தால்தான் அண்ணன் மஸ்கட்டை விட்டுச் சீக்கிரம் வர முடியும் என்று நினைத்தேன் என்று சொன்னாள். நான் கொஞ்ச நேரம் சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்போதைக்கு எய்டட் கணிதத்துக்கு விண்ணப்பம் போட்டாயிற்று, எய்டட் என்று எழுதியிருப்பதைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். கவுன்சிலிங்குக்கும் பதிவு பண்ணிவிட்டாள். போன வருடப் பட்டியலில் பார்த்தால், புரோக்கர் சொன்ன அதே கல்லூரியில் அதே பிரிவுக்கு 148-க்குக் கீழேயும் கவுன்சிலிங்கில் சீட் போயிருக்கிறது. அதே சீட்! அவர் மறுபடியும் வந்தபோது அம்மா இதைக் காட்டியிருக்கிறார், டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாராம். கவுன்சிலிங்கில் நல்லதாகக் கிடைத்தால், மானியத்தோடு லோன், மானியம் வராவிட்டால் வட்டியை நான் மாதாமாதம் கட்டுவேன். இல்லாவிட்டால் கணிதம்.

இப்போது ஒரே சிக்கல், முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவையில் போட்டதில் அப்பாவின் டி.சி. கேட்கிறார்கள். அப்பா ஆறாவதோடு நிறுத்தியவர், டி.சி. வாங்கினதாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. என்ன செய்வது?

—

பழைய_சூப்பிரண்டு:

ஆறாவதுக்கு டி.சி. என்று கேட்டால் பள்ளிக்கூடத்தில் முழிப்பார்கள் தம்பி. ரெக்கார்ட் ஷீட் என்று கேட்கச் சொல்லுங்க, சின்ன வகுப்பில் நின்றவர்களுக்கு டி.சி.க்குப் பதில் அதுதான். அப்பா படித்த வருடத்தையும் தாத்தா பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் ஹெட்மாஸ்டர் அட்மிஷன் ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதித் தருவார். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னாலேயே ஒரு நாள் காலையில் பத்து மணிக்குப் போகணும், ஆபீசில் ஆள் இருக்கும். பழைய ரிஜிஸ்டர் கரையான் அரித்திருந்தால் இங்கே வந்து சொல்லுங்க, அதற்கும் ஒரு வழி இருக்கிறது.